அந்தப் பெயரை யாரிடம் சொல்லப்போகிறீர்கள்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் தெரிந்துவிடும். பெந்தெகொஸ்தே குடும்பத்தில் பிறந்தவர் நீங்கள். பதினைந்து வயதில் ஞானஸ்நானம் எடுத்தீர்கள். இப்போது வயது இருபத்துநான்கு, கடவுள் நம்பிக்கை முழுக்கப் போய்விட்டது. சாத்தானியம் பற்றிப் படித்தபோது ‘இது நான்தான்’ என்று பட்டது. ஆனால் சாத்தான் என்று ஒருவன் நிஜமாக இருப்பதாகவும் நம்பவில்லை. அப்படியிருக்க உங்களைச் சாத்தானியர் என்று சொல்லிக்கொள்ளலாமா, எதிலாவது சேர வேண்டுமா, அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். நடுவே ஒரே ஒரு வரியாக, இரவில் விளக்கை அணைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அந்த வரிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் எண்ணங்களுக்கு இந்தப் பெயர் பொருந்துமா என்பது ஒன்று. அதை வாய்விட்டுச் சொன்னால் கேட்பவர் காதில் என்னவாக விழும் என்பது இன்னொன்று. இருபது வருடத்துக்கு மேல் கல்லூரியில் மத ஒப்பீட்டியல் நடத்தியவன் நான். புதிய மத இயக்கங்கள்தான் என் சிறப்புப் பாடம். முதல் கேள்விக்கு அந்தப் படிப்பிலிருந்து தெளிவாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு, என்னிடம் வந்து பேசிய மாணவர்களிடமிருந்து கற்றதை மட்டும் சொல்கிறேன். நான் மனநல மருத்துவர் இல்லை, பாஸ்டரும் இல்லை.

முதலில் நிச்சயமாகத் தெரிந்தவை. ‘நான் சாத்தானியன்’ என்று தானாக முன்வந்து சொல்லி, அமைப்பாகவும் திரண்ட இயக்கம் மிகச் சமீபத்தியது. 1966 ஏப்ரல் 30 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆண்டன் லாவே என்பவர் ‘சாத்தானின் திருச்சபை’யைத் தொடங்கினார். 1969இல் அவருடைய ‘சாத்தானிய பைபிள்’ வெளிவந்தது. நீங்கள் படித்தது பெரும்பாலும் அதுவாகவோ அதிலிருந்து எடுத்த துண்டுகளாகவோ இருக்கும். அந்தச் சபையின் கொள்கைப்படி சாத்தான் ஓர் ஆள் இல்லை. மனிதனின் ஆசை, கர்வம், கட்டுக்கு அடங்காத இயல்பு இவற்றுக்கெல்லாம் ஒரு சின்னம். அவரவருக்கு அவரவரே கடவுள். அதனால் அவர்களுடைய மிகப் பெரிய பண்டிகை எது தெரியுமா? அவரவர் பிறந்தநாள். குழந்தைகளுக்குத் தீங்கு செய்யாதே, தாக்க வராத விலங்கை உணவுக்காகவன்றிக் கொல்லாதே என்பவை அவர்களுடைய விதிகளிலேயே இருக்கின்றன. ஆகவே நரபலி, ஆத்மாவை விற்பது என்று நீங்கள் சிறு வயதிலிருந்து கேட்டவற்றுக்கும் இந்தச் சபைக்கும் சம்பந்தமில்லை. சாத்தானை நம்பாமலேயே சாத்தானியராக இருக்க முடியுமா என்றால், முடியும். அறியப்பட்ட அமைப்புகளில் பெரியவை இரண்டும், அதாவது இந்தச் சபையும் பின்னால் சொல்லப்போகும் ‘சாத்தானிய ஆலய’மும், அப்படிப்பட்டவைதான்.

சந்தேகத்துக்குரியது லாவேயின் சொந்தக் கதை. சர்க்கஸில் சிங்கம் பழக்கியது, போலீஸ் புகைப்படக்காரராக இருந்தது, மர்லின் மன்றோவுடன் பழகியது என்று அவர் சொன்னதில் பலவற்றுக்கு ஆதாரமே இல்லை என்று பத்திரிகையாளர்கள் தோண்டிப் பார்த்து 1990களில் எழுதினார்கள். அந்தப் புத்தகத்திலேயே ஒரு பகுதி அவர் எழுதியது இல்லை. வல்லவன் வகுத்ததே நியாயம் என்று பேசும் ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டு நூலிலிருந்து எடுத்தது. எளியவனை மிதிப்பது இயற்கை என்ற தொனி அதில் இருக்கிறது, எனக்கு அது அறவே பிடிக்காது. ‘இதுதான் நான்’ என்று சொல்வதற்கு முன் அந்தப் பக்கங்களை நிதானமாகப் படித்துப் பாருங்கள். உங்களைத் தொட்டது சுதந்திரம் பற்றிய வரிகளாக இருக்கலாம். அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் இந்தச் சரக்கும் உங்களுடையதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

எல்லாச் சாத்தானியமும் ஒரே சாத்தானியமும் அல்ல. லாவேயின் சபையிலிருந்து 1975இல் மைக்கேல் அக்வினோ என்ற ராணுவ அதிகாரி பிரிந்துபோய் ‘செத் ஆலய’த்தை நிறுவினார். எகிப்தியக் கடவுளான செத் உண்மையிலேயே இருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. 2013இல் தொடங்கிய ‘சாத்தானிய ஆலயம்’ வேறு திசையில் போகிறது. அமானுஷ்யம் எதையும் நம்பாத அவர்களின் ஏழு கொள்கைகளில் முதலாவது, எல்லா உயிரிடமும் பகுத்தறிவுக்கு உட்பட்டுக் கருணை காட்டுவது. லாவே சபையினரோ இவர்களைச் சாத்தானியர் என்று ஒப்புக்கொள்வதே இல்லை.

2019இல் ஒரு கருத்தரங்குக்காகப் பாஸ்டன் போயிருந்தபோது ஒரு நாள் ரயிலேறிச் சேலம் போய் வந்தேன். நம்ம ஊர்ச் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம். சாத்தானிய ஆலயத்தின் தலைமையகம் அங்கே, முன்பு ஈமச்சடங்கு நிலையமாக இருந்த ஒரு பழைய வீட்டில் இருக்கிறது. உள்ளே வெண்கலத்தில் எட்டரை அடி உயரத்தில், அவர்கள் சின்னமாகக் கொள்ளும் பாஃபோமெட் என்ற உருவத்தின் சிலை. ஆட்டுத்தலை, இறக்கைகள், மேலே நீட்டிய இரண்டு விரல்கள். பயப்பட எல்லாம் தயாராக இருந்த என்னை நிறுத்தியது அதன் இரண்டு பக்கமும் நின்ற குழந்தைகள். ஒரு பையன், ஒரு பெண். இருவரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், முகத்தில் கொஞ்சம்கூட அச்சமில்லை. ஓக்லஹோமா மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் பைபிளின் பத்துக் கட்டளைகளைப் பொறித்த கல்லை நட்டதற்கு எதிராக, ‘ஒரு மதத்துக்கு இடம் கொடுத்தால் எங்களுக்கும் கொடுங்கள்’ என்று கேட்பதற்காகச் செய்த சிலை அது. 2015இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கல்லையே அகற்றச் சொல்லிவிட்டதால் சிலை அங்கே போகத் தேவை வரவில்லை. அந்தச் சிலை முழுக்க முழுக்க ஒரு பதில் பேச்சு. எதிரில் பத்துக் கட்டளைக் கல் இருந்தால்தான் அதற்கு அர்த்தம் முழுமையாகிறது. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அந்தச் சிலை நினைவுக்கு வந்தது. நீங்கள் தேர்ந்தெடுக்க நினைக்கும் பெயரும் ஒரு பதில் பேச்சு. எதிரே உங்கள் வீட்டுச் சபை நிற்கிறது.

அந்த ஊரில்தான் 1692இல் சூனியக்காரிகள் வழக்கு நடந்தது. பிசாசோடு ஒப்பந்தம் செய்துகொண்டதாகக் குற்றம் சாட்டி பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒருவரைக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். அவர்களில் ஒருவரும் தங்களைச் சாத்தானியர் என்று சொல்லிக்கொண்டவர்கள் இல்லை. இந்தப் பெயரின் சரித்திரமே அப்படித்தான். நூற்றாண்டுகளாக இது அடுத்தவர் மேல் ஒட்டிய பெயர். வடக்கு ஈராக்கின் யஸீதி மக்கள் மெலெக் தாவூஸ் என்ற மயில் தேவதையைப் போற்றுகிறவர்கள். சாத்தானைக் குறிக்கும் சொல்லை வாயால் உச்சரிப்பதே அவர்களுக்கு விலக்கு. ஆனாலும் ‘பிசாசைக் கும்பிடுகிறவர்கள்’ என்ற பெயர் அவர்களை விடவில்லை. 2014 ஆகஸ்டில் ஐ.எஸ். படையினர் சிஞ்சார் பகுதியில் நுழைந்தபோது, அந்தப் பெயரைச் சொல்லியே ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார்கள், பெண்களை அடிமைகளாக விற்றார்கள். நம் பக்கமும் இது நடந்திருக்கிறது, ரத்தம் சிந்தாமல். தென் திருநெல்வேலியில் ஊழியம் செய்த ராபர்ட் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில் அங்குள்ள மக்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்று எழுதினார். சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் பொங்கல் வைத்த பாட்டிமார் தாங்கள் பேயைக் கும்பிடுவதாக எங்கே நினைத்தார்கள்? உங்கள் வீட்டிலும் மூன்று நான்கு தலைமுறைக்கு முன் யாரோ ஒரு பாட்டி அப்படிப் பொங்கல் வைத்திருக்கக்கூடும்.

வேதத்திலேயே ‘சாத்தான்’ என்ற சொல் எப்படி நகர்ந்தது என்று பாருங்கள். நீங்கள் வசனம் மனப்பாடம் செய்து வளர்ந்தவர், உங்களுக்கு இது உடனே பிடிபடும். எபிரேயத்தில் அது முதலில் பொதுச்சொல். எதிராளி, குற்றம் சாட்டுபவன் என்று பொருள். எண்ணாகமத்தில் பிலேயாமின் வழியை மறிக்கும் கர்த்தருடைய தூதனையே அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். யோபு புத்தகத்தில் தேவபுத்திரர் நடுவே அவனும் வந்து நிற்கிறான், கர்த்தரோடு பேசுகிறான். உலகத்தையே எதிர்க்கும் தீமையின் அரசன் என்ற உருவம் பிற்பாடு திரண்டது. லூசிபர் என்ற பெயரோ லத்தீன் மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. ஏசாயா 14:12ஐத் தமிழ் வேதாகமத்தில் எடுத்துப் பாருங்கள், ‘அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே’ என்று இருக்கும். அந்த அதிகாரம் பாபிலோன் ராஜாவைப் பற்றிப் பேசுகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இயேசு தன்னையே விடிவெள்ளி நட்சத்திரம் என்கிறார். ஒரே விடிவெள்ளிதான், ஓரிடத்தில் விழுந்தவனுக்கும் இன்னோரிடத்தில் இரட்சகருக்கும் பெயராகிறது. (கேட்பவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன்: சீத்தலைச் சாத்தனாரின் சாத்தனுக்கும் இந்தச் சாத்தானுக்கும் உறவில்லை. அது ஐயனாரைக் குறிக்கும் நம் பழைய பெயர்.)

இதையெல்லாம் ஏன் இழுக்கிறேன் என்றால், சொல்லின் பொருள் சொல்பவரிடம் மட்டும் இல்லை, கேட்பவரிடமும் இருக்கிறது. அமெரிக்காவில் 1980களில் பரவிய பீதியே இதற்குச் சாட்சி. குழந்தைகள் காப்பகங்களில் சாத்தானியச் சடங்கு நடக்கிறது என்று ஊரே நம்பியது. கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கு 1983இல் தொடங்கி 1990 வரை இழுத்தது. கடைசியில் ஒருவர்மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. எஃப்.பி.ஐ.யின் கென்னத் லானிங் பல வருடம் இத்தகைய புகார்களை ஆராய்ந்து, கொலை செய்யும் ரகசியச் சாத்தானிய வலைப்பின்னல் எதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை என்று 1992இல் அறிக்கை எழுதினார். அதற்குள் பலருடைய வாழ்க்கை நாசமாகியிருந்தது. தங்களைச் சாத்தானியர் என்று அழைத்துக்கொள்ளாதவர்களுக்கே அந்த நிலை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் வகுப்பு முடிந்ததும் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த கைக்குட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் பிரித்தார். உள்ளே தலைகீழ் ஐங்கோண நட்சத்திர டாலர், கறுப்புக் கயிற்றில். ஹாஸ்டலில் மட்டும் போட்டுக்கொள்வாராம். சனிக்கிழமை ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறுமுன் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துவிடுவாராம். அவரும் உங்களைப் போலச் சபை வளர்த்த பிள்ளைதான். ‘இதைப் போட்டிருக்கும்போது என்ன தோன்றுகிறது?’ என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். ‘இனிமேல் யாரும் என்னைக் கை வைத்து ஜெபிக்க முடியாது என்று தோன்றுகிறது, சார்’ என்றார். பதினாறு வயதில் ஏதோ ஒரு தப்புக்காக அவரைச் சபைக்கு முன்னால் மண்டியிட வைத்து, அவருக்குள் இருக்கும் ஆவியைக் கட்டி ஜெபித்திருக்கிறார்கள். தனக்குள் சாத்தான் இருப்பதாக முதலில் சொன்னது அவரில்லை, மற்றவர்கள். அந்தப் பெயரை அவர் பிடுங்கித் தன் கழுத்தில் தானே மாட்டிக்கொண்டார். அதில் ஒரு தைரியம் இருக்கிறது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். கேலி செய்யும் விஷயம் அல்ல இது. அதோடு, அந்த டாலர் அவரைச் சபையிலிருந்து முழுக்க விடுவித்துவிட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை. யாரை நினைத்துப் போட்டாரோ அவர்களை ஒவ்வொரு நாளும் நினைக்க வைத்தது.

அதனால் முதல் கேள்விக்கு என் பதில்: ஆம், நீங்கள் நம்புவதை வைத்துப் பார்த்தால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளத் தடை எதுவும் இல்லை. யாருடைய அனுமதியும் வேண்டாம், எதிலும் சேரத் தேவையில்லை, சடங்கு எதுவும் கட்டாயமில்லை. நம் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. மதமே இல்லை என்று சொல்லவும் முடியும். திருப்பத்தூரைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் பல வருடம் முயன்று 2019இல் சாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழே வாங்கினார். ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் எண்ணங்களை அந்தச் சொல் இல்லாமல் ஒரு தாளில் எழுதுங்கள். ‘கடவுள் இருப்பதாக நான் நம்பவில்லை. என் உடம்பின்மீது எனக்குத்தான் உரிமை. பயத்தால் நல்லவனாக இருக்க விரும்பவில்லை.’ இப்படி. எழுதி முடித்தபின் அந்தச் சொல் இல்லாமல் ஏதோ குறைகிறது என்று பட்டால் அது உங்கள் சொல்தான், வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அந்தச் சொல் வேறு யாருக்கோ சொல்ல நினைத்த பதில்.

சேர்வதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நான் மேலே சொன்னவை வெளிப்படையான அமைப்புகள். சாத்தானியம் என்ற பெயரில் இணையத்தில் உலவும் வேறு சிலவும் உண்டு. நாஜிக் கொள்கையும் வன்முறையும் கலந்தவை. சிறுவர்களை மிரட்டித் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ள வைக்கும் இணையக் கும்பல்கள் பற்றி எஃப்.பி.ஐ. 2023இல் பொது எச்சரிக்கையே விடுத்தது. இந்தக் கும்பல்களில் சில சாத்தானியச் சின்னங்களைத்தான் காட்டுகின்றன. ரகசியக் குழுவில் சேர்க்கிறோம், நிரூபிக்க ஒரு படம் அனுப்பு, ரத்தத்தால் எழுது, பணம் கட்டு என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே பிளாக் செய்துவிடுங்கள். தனிமையில் இருப்பவர்களைத்தான் இவர்கள் தேடுகிறார்கள். இப்போது நீங்கள் தனிமையில் இருக்கிறீர்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ‘சாத்தான்’ என்றால் சின்னம் என்று நினைத்துச் சொல்வீர்கள். உங்கள் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் ‘அப்பாலே போ சாத்தானே’ என்று கையை உயர்த்தி, எதிரில் நிற்கும் ஓர் ஆளிடம் சொல்வதுபோல் சொல்கிறவர். அவருக்கு அது உருவகம் இல்லை. ‘நான் சாத்தானியன்’ என்ற வாக்கியம் அவர் காதில் ‘என் பிள்ளையை அவன் எடுத்துக்கொண்டான்’ என்றுதான் விழும். அடுத்த மணி நேரத்தில் பாஸ்டர் வீட்டுக்கு வருவார், உபவாச ஜெபம் தொடங்கும், உங்கள் புத்தகங்களும் போனும் பறிபோகலாம். நீங்கள் சொல்ல வந்த உண்மை அந்தக் கூச்சலில் காணாமல் போய்விடும். பொய் சொல்லச் சொல்லவில்லை. அந்தத் தாளில் எழுதியதை, அவர் மொழியில், பொறுமையாகச் சொல்லுங்கள்: ‘எனக்கு நம்பிக்கை வரவில்லைம்மா. நடிக்க மனசு வரவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை.’ இதுவே அவரை அழ வைக்கும். ஆனால் இது அவருக்குப் புரியும், அந்தப் பெயர் புரியாது. சம்பாத்தியமும் தங்குமிடமும் இன்னும் அவர்கள் கையில் இருந்தால், சொந்தக் காலில் நிற்கும்வரை தள்ளிப்போடுவதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. என் மாணவர்களில் அவசரப்பட்டுச் சொன்னவர்கள் சிலர் படிப்பையே பாதியில் விட்டார்கள். வேலைக்குப் போன பிறகு சொன்னவர்களுக்கும் சண்டை வந்தது, ஆனால் இரவில் படுக்க இடம் இருந்தது.

கடைசியாக அந்த வரி. நம்பிக்கை போன பிறகும் பயம் போகவில்லையே, அப்படியானால் எங்கோ உள்ளுக்குள் நான் இன்னும் நம்புகிறேனா என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். சபையை விட்டு வந்த பலர் என்னிடம் இதையே சொல்லியிருக்கிறார்கள். நரகம், அக்கினிக் கடல், இயேசு திடீரென வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் ரகசிய வருகை என்று நான்கைந்து வயதிலிருந்து கேட்ட ஒரு பிள்ளைக்கு அந்தப் பயம் சிந்தனைக்கு முன்பே உடம்பில் பதிந்துவிடுகிறது. கருத்து மாறிய வேகத்தில் உடம்பு மாறாது. அது நீங்கள் பொய்யர் என்பதற்கோ, ஏதோ ஒன்று உங்களைப் பிடித்திருக்கிறது என்பதற்கோ அடையாளம் இல்லை. எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் தானாகக் குறைந்தது. சிலருக்குக் குறையவில்லை. அவர்கள் மருத்துவரிடம் போனார்கள், பலன் இருந்தது. தூக்கம் தொடர்ந்து கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணுக்கு இரவு எத்தனை மணிக்கும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவர்களிடம் மத விளக்கம் எதுவும் சொல்லத் தேவையில்லை. விளக்கை அணைத்தால் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். அதுவரை விளக்கு எரியட்டும். கைக்குட்டை டாலரோடு வந்த அந்த மாணவர் ஒரு வருடத்துக்கு மேல் ஹாஸ்டல் வராந்தா விளக்கு வெளிச்சம் விழும் பக்கமாகக் கட்டிலைப் போட்டுத்தான் தூங்கினார்.